டேப்பா, ஸ்பேஸா? ஓட்டெடுப்பு வேண்டாம், ஃபார்மேட்டரிடம் விடுங்கள்

கேள்வி: எங்கள் டீமில் ஒன்பது பேர். சர்வர் பக்கம் ஜாவா, ஸ்பிரிங் பூட். திரைப் பக்கம் ரியாக்ட், டைப்ஸ்கிரிப்ட். ஆறு வருடத்துக் கோட். சீனியர்கள் இருவரில் ஒருவருக்கு நான்கு ஸ்பேஸ், 120 எழுத்து வரி. இன்னொருவருக்கு டேப், 80 எழுத்து. யார் ஃபைலை சேவ் செய்தாலும் அவரவர் எடிட்டர் அதை அவரவர் பாணிக்கு மாற்றிவிடுகிறது. போன வாரம் 40 வரி மாற்றத்துக்கு 1,900 வரி டிஃப் (பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசப் பட்டியல்) வந்தது. ரிவ்யூ கமென்ட்களில் பாதி ஸ்பேஸ் பற்றித்தான். விக்கியில் 30 பக்கக் கோடிங் ஸ்டாண்டர்ட் இருக்கிறது, யாரும் திறப்பதில்லை. ஓட்டெடுப்பு நடத்தி முடிவு செய்யலாமா? மொத்தக் கோடையும் ஒரே நாளில் மாற்றினால் யார் எதை எழுதினார்கள் என்ற வரலாறு அழிந்துவிடாதா? திறந்திருக்கும் 14 பிராஞ்ச்களின் கதி என்ன?
— டீம் லீட், கோயம்புத்தூர்

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

எதையும் முடிவு செய்வதற்கு முன் அந்த 1,900 வரி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பல டீம்களில் பாணிச் சண்டை என்று நினைப்பது வெறும் வரி முடிவுக் குறியின் வேலையாக இருக்கும். விண்டோஸில் வரி முடிவு இரண்டு எழுத்து (சிஆர்எல்எஃப்). லினக்ஸிலும் மேக்கிலும் ஒன்று (எல்எஃப்). எடிட்டர் ஒன்றை மற்றதாக மாற்றிச் சேவ் செய்தால், கண்ணுக்கு எதுவும் மாறியதாகத் தெரியாது. டிஃப்பில் ஃபைல் முழுவதும் சிவப்பும் பச்சையுமாக நிற்கும்.

சோதிக்க ஒரு நிமிடம் போதும். அந்தக் கமிட்டை ‘இக்னோர் ஸ்பேஸ் அட் இஓஎல்’ (இஓஎல் என்றால் வரி முடிவு) என்ற விருப்பத்தோடு கிட் டிஃப்பில் ஓட்டுங்கள். 1,900 வரி ஐம்பதுக்குள் சுருங்கினால் காரணம் வரியின் கடைசியில் இருக்கிறது. அதில் சுருங்காமல் ‘இக்னோர் ஆல் ஸ்பேஸ்’ போட்டதும் சுருங்கினால், இன்டென்ட், அதாவது வரித் தொடக்க இடைவெளி, மாறியிருக்கிறது. இரண்டிலும் சுருங்கவில்லை என்றால், யாரோ ஒருவருடைய எடிட்டர் வரிகளை உடைத்தும் சேர்த்தும் எழுதியிருக்கிறது. மூன்றுக்கும் மருந்து வெவ்வேறு என்பதால்தான் இந்தச் சோதனையை முதலில் சொல்கிறேன்.

வரி முடிவுச் சிக்கல் இருந்தால் அதை மட்டும் தனியாக, முதலில் சரிசெய்யுங்கள். ரெப்போவின் (கோட் களஞ்சியத்தின்) வேரில் ‘கிட்ஆட்ரிபியூட்ஸ்’ ஃபைலில் எல்லா ஃபைலுக்கும் டெக்ஸ்ட் ஆட்டோ, இஓஎல் எல்எஃப் என்று ஒரு வரி. விண்டோஸ் பேட்ச் ஃபைல்களுக்கு மட்டும் சிஆர்எல்எஃப் என்று இன்னொரு வரி. பிறகு கிட் ஆட் கட்டளையை ‘ரீநார்மலைஸ்’ விருப்பத்தோடு ஓட்டிக் கமிட் செய்யுங்கள். இந்த விருப்பம் கிட் 2.16இல் வந்தது, இன்று எல்லோரிடமும் இருக்கும். ‘கிட் எல்எஸ்-ஃபைல்ஸ்’ கட்டளைக்கு ‘இஓஎல்’ விருப்பம் கொடுத்தால், ரெப்போவுக்குள் எந்த ஃபைல் எந்த முடிவோடு இருக்கிறது, டிஸ்க்கில் எப்படி இருக்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் காட்டும். இதற்கு ஒவ்வொருவரும் தங்கள் மெஷினில் ‘ஆட்டோசிஆர்எல்எஃப்’ அமைப்பை மாற்றிக்கொள்ளச் சொல்வது பயன் தராது. ஒருவர் மறந்தால் போதும், மறுபடி 1,900 வரி வரும். கிரேடில் ரேப்பர் போன்ற ஷெல் ஸ்கிரிப்ட் சிஆர்எல்எஃப் ஆகிவிட்டால் லினக்ஸ் கன்டெய்னரில் ஓடவே ஓடாது. ஆகவே இது அழகு பற்றிய விஷயமும் அல்ல.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஓட்டெடுப்பு வேண்டாம், ஃபார்மேட்டரிடம், அதாவது கோடின் வடிவத்தைத் தானாகச் சீராக்கும் கருவியிடம், விடுங்கள். ஒன்பது பேரில் ஐந்துக்கு நான்கு என்று டேப் தோற்றால், தோற்ற நால்வர் அடுத்த வருடமும் அதையே பேசுவார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. இன்டென்டுக்கு ஓர் ஓட்டு, வரி நீளத்துக்கு ஓர் ஓட்டு, பிரேஸ் எங்கே என்பதற்கு ஓர் ஓட்டு என்று தனித்தனியாக எடுத்தால், கடைசியில் கையில் இருக்கும் கலவையை எந்தக் கருவியும் உருவாக்காது. கருவி செய்யாததை மனிதர்தான் கண்காணிக்க வேண்டியிருக்கும். அப்போது ரிவ்யூவில் அதே கமென்ட்கள் திரும்பிவரும். உங்கள் 30 பக்க ஆவணமும் 34 பக்கமாகும்.

டீம் ஒத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: எந்தக் கருவி எழுதித் தருவதை நாம் எல்லோரும் ஏற்கப்போகிறோம்? 2009இல் கோ மொழி வெளியானபோது அதன் ஃபார்மேட்டரான ஜிஓஎஃப்எம்டி அதோடு சேர்ந்தே வந்தது. இன்டென்ட் டேப்பா ஸ்பேஸா என்று கேட்கும் அமைப்பே அதில் கிடையாது. அதனால் கோ டீம்களில் இந்தப் பேச்சு எழ இடமே இருப்பதில்லை. பைத்தானில் 2018இல் வந்த பிளாக் என்ற ஃபார்மேட்டர் அதே வழியில், மாற்றக்கூடியவற்றை வேண்டுமென்றே மிகக் குறைவாக வைத்தது. வரி நீளத்தில் யார் சொல்வது சரி என்று தேடுவதும் வீண். பைத்தானின் பாணி வழிகாட்டியான பெப் 8 சொல்வது 79; பிளாக் 88; கூகுளின் ஜாவா பாணி 100. லினக்ஸ் கெர்னல் பல்லாண்டு 80இல் நின்றுவிட்டு, 2020இல் தன் சோதனை ஸ்கிரிப்ட்டின் எச்சரிக்கை எல்லையை 100க்கு உயர்த்திக்கொண்டது. இத்தனை பேரும் நல்ல கோடைத்தான் எழுதுகிறார்கள்.

கூட்டத்துக்கு 45 நிமிடம் ஒதுக்குங்கள். அதற்கு முன் உங்கள் ரெப்போவிலிருந்தே மூன்று ஃபைல்களை எடுத்துக்கொள்ளுங்கள்: ஸ்ட்ரீம் சங்கிலியும் லாம்டாவும் நிறைந்த ஒரு ஜாவா கிளாஸ், ஆழமாக உள்ளே உள்ளே போகும் ஒரு ரியாக்ட் கம்போனென்ட், நீளமான ஒரு டெஸ்ட். பார்க்க லட்சணமான ஃபைலை எடுக்காதீர்கள், மோசமானதை எடுங்கள். ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று ஃபார்மேட்டரில் ஓட்டி, எது எந்தக் கருவி என்று சொல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் காட்டுங்கள். கொள்கையாகப் பேசும்போது உடன்படாத இருவர், தங்கள் கோடையே கண்ணால் பார்க்கும்போது பெரும்பாலும் ஒரே பக்கத்தைக் காட்டுவார்கள். அன்றே முடிவாகவில்லை என்றால் டீம் லீடாக நீங்கள் முடிவு செய்து, ஆறு மாதத்துக்கு மாற்றம் இல்லை என்று அறிவியுங்கள். இயல்பான அமைப்பை மாற்றச் சொல்பவர் ‘எனக்குப் பழக்கம்’ என்பதைத் தாண்டி ஒரு காரணம் தர வேண்டும். வரிசையின் கடைசி உறுப்புக்குப் பின்னும் கமா போட்டால், புதிய உறுப்பு சேரும்போது டிஃப் இரண்டு வரிக்குப் பதில் ஒரு வரியாக வரும். அது காரணம். ஈக்குவல் குறிகளை நேர்கோட்டில் நிறுத்தினால் பார்க்க நன்றாக இருக்கும் என்பது காரணமாகாது. ஒரு பெயர் நீளமாகும்போது பத்து வரி நகர்ந்து, பத்து வரியும் டிஃப்பில் வரும். கமென்டிலோ ஸ்டிரிங்கிலோ தமிழ் எழுத்துகள் இருந்தால் அந்த நேர்கோடு முதலிலேயே நிற்காது. தமிழ் எழுத்து எடிட்டரின் ஒரு எழுத்துக் கட்டத்துக்குள் அடங்குவதில்லை.

டேப் கேட்கும் சீனியரிடம் மறக்காமல் ஒன்றைக் கேளுங்கள்: டேப் வேண்டும் என்பது கண்பார்வைக்காகவா? பார்வை குறைந்தவர்கள் எழுத்தைப் பெரிதாக்கி வேலை செய்யும்போது இன்டென்ட் அகலத்தைத் தங்களுக்கு ஏற்றபடி குறைத்துக்கொள்ள டேப் உதவுகிறது. பிரெய்ல் திரை பயன்படுத்துவோருக்கும் நான்கு கட்டத்துக்குப் பதில் ஒரு கட்டம் செலவாகிறது. டீமில் அப்படி ஒருவர் இருந்தால் மற்ற எல்லா வாதத்தையும் விட அது பெரியது, டேப்புக்கே போங்கள். இல்லையென்றால் டேப்பும் ஸ்பேஸும் சமம்தான்.

ஜாவாவுக்கு உங்கள் முன் மூன்று வழிகள் உண்டு. கூகுள் ஜாவா ஃபார்மேட் இரண்டு ஸ்பேஸ், 100 எழுத்து. அதிலேயே ஏஓஎஸ்பி (ஆண்ட்ராய்டு திறந்த மூலத் திட்டம்) பாணி என்று ஒன்று உண்டு, அது நான்கு ஸ்பேஸ், அதே 100. எழுத்து எல்லையை மாற்ற முடியாது. பாலன்டிர் ஜாவா ஃபார்மேட் அதிலிருந்து கிளைத்தது: நான்கு ஸ்பேஸ், 120, லாம்டா சங்கிலிகளை இன்னும் இறுக்கமாக வைக்கும். மூன்றாவது எக்லிப்ஸ் ஃபார்மேட்டர். டேப் உட்பட எல்லாவற்றையும் மாற்றலாம், ஆனால் அந்த எக்ஸ்எம்எல்லில் நூற்றுக்கணக்கான அமைப்புகள் இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு புதிய சண்டைக்கு விதை. டேப் கட்டாயம் என்றால் தவிர அதன் பக்கம் போகாதீர்கள். உங்கள் கோடில் பெரும்பகுதி இப்போதே நான்கு ஸ்பேஸில் இருந்தால் பாலன்டிரையோ ஏஓஎஸ்பி பாணியையோதான் பரிந்துரைப்பேன். மாற்றம் குறையும், பழக்கமும் உடையாது. எதை எடுத்தாலும் ஸ்பாட்லெஸ் பிளக்இன் வழியாக ஓட்டுங்கள். கிரேடில், மேவன் இரண்டிலும் அது உண்டு. சரிபார்க்க ஒரு கட்டளை, திருத்த ஒரு கட்டளை, அவ்வளவுதான்.

டைப்ஸ்கிரிப்ட்டுக்குப் பிரிட்டியர் என்ற ஃபார்மேட்டர். அதன் இயல்பான 80 எழுத்தை 120 ஆக்கச் சொல்லி ஒருவர் கேட்பார், கொடுக்க வேண்டாம். பிரிட்டியரின் அந்த எண் ‘இதைத் தாண்டாதே’ என்ற எல்லை மட்டும் அல்ல. முடிந்தவரை அந்த அகலத்தை நிரப்பப் பார்க்கும். 120 கொடுத்தால் மனிதர் மூன்று வரியாக எழுதியதையும் ஒரே வரியில் அடைத்துவிடும். செமிகோலன் வேண்டாம் என்பவர் இருந்தால் அதைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை, ஆபத்தான இடங்களில் பிரிட்டியரே வரியின் தொடக்கத்தில் ஒன்றைப் போட்டுவிடும். இருந்தாலும் இயல்பான அமைப்பை அப்படியே விடுவதே நல்லது. ஒரு விதிவிலக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்: ஆப்ஜெக்ட் எழுதும்போது திறக்கும் பிரேஸுக்கும் முதல் கீக்கும் இடையே நீங்கள் வரி உடைத்திருந்தால், ஒரு வரியில் அடங்கும் என்றாலும் பிரிட்டியர் அதைச் சேர்க்காது. ஒரே ஆப்ஜெக்ட் இரண்டு ஃபைலில் இரண்டு விதமாக இருப்பதற்கு இதுவே காரணம், பிழை அல்ல.

எல்லா எடிட்டருக்கும் பொதுவான அமைப்பைச் சொல்லும் எடிட்டர்கான்ஃபிக் ஃபைல் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள்: யுடிஎஃப்-8, எல்எஃப், ஃபைல் கடைசியில் ஒரு புதுவரி, இன்டென்ட் அளவு. இதில் மூன்று பொறிகள் உண்டு. ஜாவாவுக்காக வரி நீளம் 120 என்று எல்லா ஃபைலுக்கும் பொதுவாக எழுதினால், தனியாக அகலம் சொல்லாத பிரிட்டியர் அதையே எடுத்துக்கொள்ளும். அதை ஜாவா பிரிவுக்குள் மட்டும் எழுதுங்கள். வரிக் கடைசி ஸ்பேஸை நீக்கும் அமைப்பை மார்க்டவுனுக்கு அணைத்துவிடுங்கள், அங்கே இரண்டு ஸ்பேஸ் என்றால் வரி உடைப்பு. டைப்ஸ்கிரிப்ட்டில் பேக்டிக் ஸ்டிரிங்குக்குள் இருக்கும் கடைசி ஸ்பேஸை எடிட்டர் நீக்கினால் அது ஸ்டிரிங்கின் உள்ளடக்கத்தையே மாற்றும். பிரிட்டியர் அதைத் தொடாது, எடிட்டர் தொடும்.

இன்டெல்லிஜே பயன்படுத்துவோர் அதன் சொந்த ஃபார்மேட்டரை விட்டுவிட்டு, தேர்ந்தெடுத்த ஃபார்மேட்டருக்கான பிளக்இன் போட வேண்டும். பெயரளவில் ஒரே பாணியாக இருந்தாலும் இரண்டும் ஒரே விதமாக வரி உடைக்காது. ஒரே பேக்கேஜிலிருந்து ஐந்து கிளாஸ் வந்ததும் இம்போர்ட்டை நட்சத்திரமாக்கும் பழக்கமும் அதற்கு உண்டு. அந்த எண்ணை 999 ஆக்கிவிடுங்கள். ஒருவர் நட்சத்திரமாக்க இன்னொருவர் பிரிக்க என்று நடப்பது டிஃப் இரைச்சலில் பெரும்பங்கு. டைப்ஸ்கிரிப்ட் கோடில் பிழை தேடும் ஈஎஸ்லின்ட்டில் ஸ்பேஸ், கமா, மேற்கோள் பற்றிய விதிகள் இருந்தால் எடுத்துவிடுங்கள். அந்த வகை விதிகளை ஈஎஸ்லின்ட்டே 2023 நவம்பரில் கைவிடப்படுபவை என்று அறிவித்துவிட்டது. பிரிட்டியரோடு மோதுபவற்றை அணைக்க ‘ஈஎஸ்லின்ட் கான்ஃபிக் பிரிட்டியர்’ இருக்கிறது.

ஃபார்மேட்டர் செய்யாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2014 பிப்ரவரியில் ஆப்பிளின் டிஎல்எஸ் கோடில் வெளிவந்த ‘கோட்டூ ஃபெயில்’ பிழையில், பிரேஸ் இல்லாத ஓர் இஃப்புக்குக் கீழே ஒரே வரி இரண்டு முறை இருந்தது. இரண்டாவது வரியும் உள்ளே தள்ளி எழுதப்பட்டிருந்ததால் இஃப்புக்குள் இருப்பதுபோல் தெரிந்தது. உண்மையில் அது எப்போதும் ஓடியது. சர்வரின் கையெழுத்துச் சோதனை நடக்காமலே போனது. ஃபார்மேட்டர் ஓட்டியிருந்தால் அந்த வரி வெளியே தள்ளப்பட்டுக் கண்ணில் பட்டிருக்கும். ஆனால் கூகுள் ஜாவா ஃபார்மேட்டோ பிரிட்டியரோ இல்லாத பிரேஸைத் தானாகச் சேர்க்காது. அதற்கு ஜாவாவில் விதிகளைச் சரிபார்க்கும் செக்ஸ்டைலின் ‘நீட்பிரேசஸ்’ விதியையும், ஈஎஸ்லின்ட்டில் ‘கர்லி’ விதியையும் கட்டாயமாக்குங்கள். இது ரசனை அல்ல, பாதுகாப்பு.

மொத்த மாற்றத்துக்கு வருவோம். தொடும் ஃபைலை மட்டும் மாற்றிக்கொண்டே போகும் வழியும் உண்டு. ஸ்பாட்லெஸில் அதன் பெயர் ‘ராட்செட் ஃப்ரம்’. அது ஃபைல் அளவில் வேலை செய்வதால், ஒரு வரித் திருத்தத்தோடு 600 வரி வடிவ மாற்றமும் ஒரே கமிட்டில் கலந்துவிடும். நீங்கள் தப்பிக்க நினைப்பதே அந்தக் கலப்பிலிருந்துதான். நூற்றுக்கணக்கானோர் தொடும் ரெப்போவுக்கு அது சரி, ஒன்பது பேருக்கு ஒரே நாளில் முடிப்பதே நல்லது.

நாளைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு விஷயம். ரிலீஸ் முடிந்த மறுநாள் செய்யுங்கள். நடுவில் செய்தால், புரொடக்ஷனில் இருக்கும் பழைய ரிலீஸ் பிராஞ்ச் பழைய வடிவிலும் மெயின் புது வடிவிலும் நிற்கும். அவசரத் திருத்தம் ஒன்றை இங்கிருந்து அங்கே செர்ரி-பிக் செய்யும்போது (அந்த ஒரு கமிட்டை மட்டும் எடுத்துச் சேர்க்கும்போது) ஒவ்வொரு வரியும் மோதும். அப்படித் தாங்க வேண்டிய ரிலீஸ் பிராஞ்ச் இருந்தால், அதே ஃபார்மேட்டரின் அதே பதிப்பை அதிலும் ஓட்டிவிடுங்கள்.

ஓட்டுவதற்கு முன் எதைத் தொடக்கூடாது என்ற பட்டியல் வேண்டும். தானாக உருவாகும் கோட், லாக் ஃபைல்கள், சுருக்கப்பட்ட ஜாவாஸ்கிரிப்ட், வெளியிலிருந்து எடுத்து வைத்த லைப்ரரி, டெஸ்ட்டுக்கான மாதிரித் தரவு, ஸ்னாப்ஷாட் ஃபைல்கள்: இவை எல்லோருக்கும் நினைவுக்கு வரும். நினைவுக்கு வராதது டேட்டாபேஸ் மைக்ரேஷன், அதாவது டேட்டாபேஸின் அமைப்பை மாற்றும் ஸ்கிரிப்ட்கள். அவற்றை ஓட்ட நீங்கள் ஸ்பிரிங் பூட்டோடு ஃப்ளைவே பயன்படுத்தினால், ஏற்கெனவே ஓடிய ஒவ்வொரு எஸ்க்யூஎல் ஃபைலுக்கும் ஒரு செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட எண்) டேட்டாபேஸில் பதிவாகியிருக்கும். ஃபார்மேட்டர் அந்த ஃபைலில் ஒரு ஸ்பேஸைச் சேர்த்தாலும் செக்சம் மாறும். அடுத்த டிப்ளாயில் சரிபார்ப்பு தோற்று சர்வீஸ் எழவே எழாது. புதிய டேட்டாபேஸில் ஓடும் டெஸ்ட் எல்லாம் பச்சையாகத்தான் இருக்கும். ஏனென்றால் அங்கே ஒப்பிடப் பழைய பதிவே இல்லை. ஆகவே மைக்ரேஷன் ஃபோல்டரை ஸ்பாட்லெஸ், பிரிட்டியர் இரண்டிலும் விலக்குங்கள்; எடிட்டர்கான்ஃபிக்கிலும் அந்த ஃபோல்டருக்கு வரிக் கடைசி ஸ்பேஸ் நீக்கத்தை அணையுங்கள்.

இம்போர்ட் வரிசையை மாற்றும் பிளக்இன்களையும் முதல் நாளில் சேர்க்காதீர்கள். டைப்ஸ்கிரிப்ட்டில் சிஎஸ்எஸ் இம்போர்ட்டின் வரிசை மாறினால் எந்த ஸ்டைல் எதை மேலெழுதும் என்பது மாறும். அது வடிவ மாற்றம் அல்ல, நடத்தை மாற்றம்.

அன்று மெயினில் விழ வேண்டிய கமிட்கள் இவை, இதே வரிசையில். முதலாவது, அமைப்பு ஃபைல்களும் ஃபார்மேட்டரின் துல்லியமான பதிப்பு எண்ணும். கோடில் ஒரு வரியும் மாறக்கூடாது. இதை ‘அ’ என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது, ஃபார்மேட்டர் எழுதியது மட்டும். கையால் ஒரு எழுத்தும் திருத்தக்கூடாது. இது ‘ஆ’. மூன்றாவதில், ‘ஆ’வின் ஹாஷை (அந்தக் கமிட்டின் அடையாள எண்ணை) பதியும் ஃபைல். ‘ஆ’வை மனிதர் படித்து ரிவ்யூ செய்ய முடியாது, இன்னொருவர் தன் மெஷினில் ‘அ’வின் மீது அதே கட்டளையை ஓட்டி, அதே முடிவு எழுத்துக்கு எழுத்து வருகிறதா என்று பார்ப்பதே ரிவ்யூ. கூடுதலாக, ‘அ’வையும் ‘ஆ’வையும் ஜாவா கம்பைலரில் டீபக் தகவல் இல்லாமல், அதாவது ‘ஜி நன்’ விருப்பத்தோடு, கம்பைல் செய்து கிளாஸ் ஃபைல்களின் ஹாஷை ஒப்பிடுங்கள். சமமாக இருக்க வேண்டும். டீபக் தகவல் இருந்தால் வரி எண்கள் மாறியிருப்பதால் சமமாகாது. திரைப் பக்கத்தில் புரொடக்ஷன் பில்டை ஒப்பிடலாம். ஜேஎஸ்எக்ஸில் பிரிட்டியர் வெற்று ஸ்பேஸைத் தனி ஸ்டிரிங்காக எழுதிய இடங்களில் மட்டும் வித்தியாசம் வரக்கூடும், அவற்றைக் கண்ணால் பாருங்கள்.

இப்போது உங்கள் 14 பிராஞ்ச்கள். முடிந்தவற்றை முந்தைய வாரமே மெர்ஜ் செய்துவிடுங்கள். மூன்று மாதமாகத் தொடாதவற்றை மூட இது நல்ல சாக்கு. மிச்சமிருக்கும் ஒவ்வொன்றிலும் இப்படிச் செய்யுங்கள். முதலில் மெயினிலிருந்து ‘அ’ வரை மட்டும் மெர்ஜ் செய்யுங்கள், வழக்கமான மோதல்கள் இருந்தால் இங்கேயே தீரும். பிறகு அந்தப் பிராஞ்ச்சில் ஃபார்மேட்டரை மொத்த ரெப்போவிலும் ஓட்டிக் கமிட் செய்யுங்கள். இப்போது அந்தப் பிராஞ்ச்சின் உள்ளடக்கம் என்பது ‘ஆ’வும் உங்கள் சொந்த மாற்றமும் சேர்ந்தது. ஆகவே ‘ஆ’வை ‘அவர்ஸ்’ உத்தியில் மெர்ஜ் செய்யலாம். அது உள்ளடக்கத்தைத் தொடாமல், ‘ஆ’ ஏற்கெனவே சேர்ந்துவிட்டது என்று வரலாற்றில் மட்டும் எழுதும். கடைசியாக மெயினை வழக்கம்போல் மெர்ஜ் செய்யுங்கள். ஒரு எச்சரிக்கை: ‘அவர்ஸ்’ என்ற சொல் கிட்டில் இரண்டு இடத்தில் வருகிறது. சின்ன ‘எஸ்’ விருப்பத்தோடு வருவது நமக்கு வேண்டிய உத்தி. பெரிய ‘எக்ஸ்’ விருப்பத்தோடு வருவது மோதும் இடங்களில் மட்டும் நம் பக்கத்தை எடுக்கும், மற்றதைக் கலக்கும். அதைப் போட்டால் வேறு முடிவு வரும். இன்னொன்று, ‘அ’வுக்கும் ‘ஆ’வுக்கும் நடுவே மெயினில் வேறு எந்தக் கமிட்டும் நுழையக்கூடாது. நுழைந்தால் ‘அவர்ஸ்’ மெர்ஜ் அதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். அந்த ஒரு மணி நேரம் மெயினைப் பூட்டி வையுங்கள்.

வரலாறு அழியாது. கிட் 2.23 முதல், அதாவது 2019 ஆகஸ்ட் முதல், எந்த வரியை யார் எழுதினார் என்று காட்டும் பிளேம் கட்டளை, நாம் குறிப்பிடும் கமிட்களைத் தாண்டிப் பார்க்கும். ரெப்போவின் வேரில் ‘கிட் பிளேம் இக்னோர் ரெவ்ஸ்’ என்ற ஃபைலில் ‘ஆ’வின் முழு 40 எழுத்து ஹாஷை எழுதி, மேலே ‘#’ குறியிட்டு ‘மொத்த ஃபார்மேட்’ என்று ஒரு குறிப்பு வையுங்கள். சுருக்க ஹாஷ் செல்லாது. கிட்ஹப் இந்தப் பெயரில் உள்ள ஃபைலை 2022 முதல் தானாகவே படித்துக்கொள்கிறது. அவரவர் மெஷினில் ‘பிளேம் இக்னோர் ரெவ்ஸ் ஃபைல்’ அமைப்பை ஒருமுறை போட வேண்டும். அந்த ரெப்போவுக்கு மட்டும் போடுங்கள், குளோபலாகப் போடாதீர்கள். அந்த ஃபைல் இல்லாத வேறு ரெப்போவிலோ பழைய பிராஞ்ச்சிலோ பிளேம் பிழை காட்டி நின்றுவிடும். ஹாஷை ஏன் மூன்றாவது கமிட்டில் எழுதச் சொன்னேன் என்றால், புல் ரிக்வெஸ்ட்டை ஸ்குவாஷ் மெர்ஜ் செய்யும்போது கிட்ஹப் புதிய ஹாஷ் தரும். மெயினில் விழுந்த பிறகுதான் உண்மையான ஹாஷ் தெரியும். ஒரு வரி ஐந்தாக உடைந்த இடங்களில் கிட் ஊகித்துத்தான் பழைய வரியைக் காட்டும். சில இடங்களில் தவறலாம். பழைய ரிலீஸின் ஸ்டாக் டிரேஸில் வரும் வரி எண்ணை இனி மெயினில் தேடாதீர்கள், அந்த ரிலீஸின் டேகில் தேடுங்கள்.

பாணியைக் காக்கும் கதவு சிஐயில், அதாவது ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சோதிக்கும் அமைப்பில், இருக்க வேண்டும். ஸ்பாட்லெஸ் செக்கும் பிரிட்டியர் செக்கும் தோற்றால் மெர்ஜ் நடக்கக்கூடாது. எப்போதாவது ராட்செட்டைப் பயன்படுத்தினால் நினைவு வையுங்கள்: கிட்ஹப் ஆக்ஷன்ஸின் செக்அவுட் கடைசி ஒரு கமிட்டை மட்டும் எடுப்பதால் ஒப்பிட மெயின் கிடைக்காது, ஃபெட்ச் ஆழத்தைப் பூஜ்யமாக்க வேண்டும். கமிட் ஹூக் (கமிட் செய்யும்போது தானாக ஓடும் ஸ்கிரிப்ட்) வசதிக்கு மட்டும்தான், ‘நோ வெரிஃபை’ போட்டால் யாரும் தாண்டலாம். டைப்ஸ்கிரிப்ட்டுக்கு ஹஸ்கி, லின்ட்-ஸ்டேஜ்ட் என்ற ஹூக் கருவிகளை வைத்துக்கொள்ளுங்கள். மாறிய ஃபைல்களை மட்டும் ஓட்டுவதால் வேகமாக முடியும். கிரேடிலை ஒவ்வொரு கமிட்டிலும் எழுப்பினால் ஆட்கள் மூன்றாம் நாளே ஹூக்கைத் தாண்டக் கற்றுக்கொள்வார்கள். அதைப் புஷ் நேரத்துக்குத் தள்ளுங்கள். தேவையான இடத்தில், அட்டவணை போல் எழுதிய ஓர் அரே என்று வைத்துக்கொள்ளுங்கள், ‘பிரிட்டியர் இக்னோர்’ கமென்ட் போடலாம். ஸ்பாட்லெஸில் ‘டாகிள் ஆஃப் ஆன்’ அமைப்பைத் திறந்தால்தான் ‘ஸ்பாட்லெஸ் ஆஃப்’ கமென்ட் வேலை செய்யும்.

ஃபார்மேட்டரின் பதிப்பை package கோப்பிலும் கிரேடிலிலும் துல்லியமாகப் பூட்டுங்கள். என்பிஎம்மில் ‘சேவ் எக்ஸாக்ட்’ என்று கொடுத்தால் புதிய பதிப்பையும் அனுமதிக்கும் ‘^’ என்ற தொப்பிக் குறி வராது. சின்னப் பதிப்பு மாற்றத்திலும் வடிவம் மாறலாம். பிரிட்டியர் கடைசிக் கமாவின் இயல்பை 2.0இலும் மறுபடி 3.0இலும் மாற்றியிருக்கிறது. பதிப்பை உயர்த்தும்போது அதையும் தனிக் கமிட்டாகச் செய்து, அதன் ஹாஷையும் அதே இக்னோர் ஃபைலில் சேருங்கள்.

சீனியர்கள் இருவரையும் பற்றி ஒரு வார்த்தை. இருவருக்கும் ஸ்பேஸ் மீது அல்ல அக்கறை. ஆறு வருடம் கட்டிக்காத்த கோட் படிக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்பதில்தான். அந்த அக்கறை டீமுக்குத் தேவை. ஒருவரிடம் ஜாவா அமைப்பையும் ‘அ’, ‘ஆ’ கமிட்களையும், மற்றவரிடம் விலக்குப் பட்டியலையும் கிளாஸ் ஃபைல் ஒப்பீட்டையும் ஒப்படையுங்கள். இரண்டும் அனுபவம் கேட்கும் வேலை.

விக்கியின் 30 பக்கத்தில் ஸ்பேஸ், பிரேஸ், வரி உடைப்பு பற்றிய எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். மிஞ்சுவது எப்படிப் பெயர் வைப்பது, எக்ஸெப்ஷனை எங்கே பிடிப்பது, லாகில் என்ன எழுதக்கூடாது, எப்போது கமென்ட் வேண்டும் என்பவை. ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு. அதை விக்கியிலிருந்து எடுத்து ரெப்போவுக்குள்ளேயே வையுங்கள். மாற்ற விரும்புபவர் புல் ரிக்வெஸ்ட் அனுப்பட்டும்.